கூட்டாகக் குப்பையைக் கையாண்டால் செலவை எப்படிப் பிரிப்பது? நெல்லைச் சீமையை முன்வைத்து ஒரு விவாத இழை

கணக்குப்பிள்ளை எழுதியது:

விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், கோபாலசமுத்திரம் என்று தாமிரபரணியை ஒட்டி வரிசையாக அமைந்திருக்கும் ஊர்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்பது புதிய செய்தியல்ல. குப்பை என்று வந்துவிட்டால் மட்டும் அவரவருக்கு ஒரு கிடங்கு, அவரவருக்கு ஓர் உரக்கூடம், அவரவருக்குச் சில வண்டிகள் என்பதே பெரும்பாலும் நம் வழக்கமாக இருக்கிறது. இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் தரம்பிரிப்புக் கூடமும் உரக்கூடமும் நடத்தினால் செலவு குறையும் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஒரு பேரூராட்சியில் சேரும் மக்காத குப்பையைக் கட்டி லாரி ஏற்றும் அளவுக்குச் சேர்ப்பதற்கே பல நாள் ஆகும். மூன்று ஊர் சேர்ந்தால் லாரி நிறைந்து போகும், பொதி கட்டும் இயந்திரமும் சும்மா நிற்காது. ஆனால் சேர்ந்தபின் யார் எவ்வளவு கொடுப்பது என்ற இடத்தில்தான் பேச்சு முறிகிறது.

அந்த இடத்துக்கென்றே கணிதத்தில் ஒரு துறை இருக்கிறது. ஒருவரின் முடிவு மற்றவரின் ஆதாயத்தைப் பாதிக்கும் சூழல்களை 'ஆட்டம்' என்று வைத்து ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. 1944-இல் வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் தொடங்கிவைத்த அந்தக் கோட்பாட்டில், ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டாக இயங்குவோரைப் பற்றிய பகுதி அது. கூட்டணிக்குக் கிடைக்கும் ஆதாயத்தை உறுப்பினர்களிடையே நியாயமாகப் பிரிக்கும் ஒரு முறையை லாயிட் ஷாப்லி 1953-இல் வகுத்தார். பிற்காலத்தில், 2012-இல், பொருளாதார நோபல் பரிசை ஆல்வின் ராத்துடன் பகிர்ந்துகொண்டவர் அவர்.

கணக்குக்காக வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை ஆகிய மூன்று பேரூராட்சிகளை எடுத்துக்கொள்வோம். ஊர்கள் உண்மை, தொகைகள் முழுக்க என் கற்பனை. தனித்தனியே நடத்தினால் ஆண்டுச் செலவு முறையே 60, 50, 40 லட்சம். வீரவநல்லூரும் சேரன்மகாதேவியும் சேர்ந்தால் 86, சேரன்மகாதேவியும் பத்தமடையும் சேர்ந்தால் 72, நடுவூரை விட்டுவிட்டு இரண்டு ஓரத்து ஊர்களும் சேர்ந்தால் 88. மூன்றும் சேர்ந்தால் 114. தனித்தனியே ஆகும் 150 லட்சத்தோடு ஒப்பிட்டால் 36 லட்சம் மிச்சம்.

மன்றத்தில் முதலில் எழும் யோசனை, ஆளுக்கு 38 லட்சம் என்று சமமாகப் பிரிப்பது. பார்த்தால் எல்லோருக்கும் லாபம்தான். 40 லட்சம் செலவழித்துக்கொண்டிருந்த பத்தமடைக்குக்கூட 2 லட்சம் மிஞ்சுகிறது. ஆனால் சேரன்மகாதேவியும் பத்தமடையும் தங்களுக்குள் பேசிப் பார்த்தால், நாம் இருவரும் சேர்ந்து 76 லட்சம் கட்டுகிறோம், வீரவநல்லூரை விட்டுவிட்டு இருவர் மட்டும் நடத்தினால் 72 தானே ஆகும் என்று தெரிந்துவிடும். அன்றைக்கே கூட்டு உடையும். எந்த ஓர் உட்குழுவும் இப்படிப் பிரிந்து போவதில் ஆதாயம் காணாத பங்கீடுகளின் தொகுப்பை உட்கரு என்கிறோம். சமப் பங்கீடு இங்கே உட்கருவுக்கு வெளியே விழுகிறது.

ஷாப்லியின் முறை வேறு. மூன்று ஊர்களும் எந்தெந்த வரிசையில் வந்து சேரலாம் என்று ஆறு வரிசைகளையும் எழுதி, ஒவ்வோர் ஊரும் வந்து சேரும் கணத்தில் மிச்சம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அவ்வாறு எடுத்தால் 36 லட்சத்தில் வீரவநல்லூருக்கு 12, சேரன்மகாதேவிக்கு 15, பத்தமடைக்கு 9 வரும். கட்ட வேண்டிய தொகை 48, 35, 31. எந்த இரண்டு ஊர் சேர்ந்து வெளியேறினாலும் இதைவிடக் குறைவாக முடிக்க முடியாது. தாளும் பேனாவும் வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

இம்முறையை நம் பக்கத்து உள்ளாட்சிகளுக்குப் பொருத்த முடியுமா, எங்கே இடறும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


பழைய கோப்பு எழுதியது:

பேரூராட்சிகளில் செயல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு ஐயங்கள்.

முதலாவது, தனிச்செலவின் விகிதத்தில் பிரித்தால் என்ன? 60, 50, 40 என்ற விகிதத்தில் 114 லட்சத்தைப் பிரித்தால் 45.6, 38, 30.4 என்று வருகிறது. உங்கள் உட்கருச் சோதனையை அதற்கும் போட்டுப் பார்த்தேன். முதல் இருவர் 83.6, வெளியே போனால் 86. கடைசி இருவர் 68.4, வெளியே போனால் 72. ஓரத்து ஊர்கள் இரண்டும் 76, வெளியே போனால் 88. எந்தக் குழுவுக்கும் பிரிந்து போகக் காரணமில்லை. ஒரு கணக்கரே பத்து நிமிடத்தில் போட்டுவிடும் விகிதக் கணக்கு நிற்கும்போது, ஆறு வரிசை எழுதிச் சராசரி எடுக்கும் முறையை மன்றத்தில் வைத்து விளக்குவானேன்?

இரண்டாவது ஐயம் இதைவிடப் பெரியது. ஓர் ஊரின் குப்பைச் செலவு 50 லட்சம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தத் தொகை எந்தப் பதிவேட்டிலும் ஒரே வரியில் இருக்காது. வண்டி ஒரு திட்டத்தில் வாங்கியது, ஓட்டுநர் ஒப்பந்தத்தில் வந்தவர், டீசல் பொது நிதியில், உரக்கூடத்தின் கொட்டகை வேறொரு மானியத்தில். நிரந்தரப் பணியாளரின் சம்பளம் சம்பளத் தலைப்பில் போய்விடும். கிடங்குக்கான நிலம் புறம்போக்காக இருந்தால் அதற்கு விலையே போட மாட்டார்கள். தனிச்செலவு என்னவென்று தெரியாதபோது கூட்டணிச் செலவைக் கழித்து மிச்சம் காண்பது எப்படி?

போதாக்குறைக்கு, பேரூராட்சிகளுக்கு நடுவில் ஊராட்சிகள் கிடக்கின்றன. அவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ், இவை நகராட்சி நிர்வாகத்தின் கீழ். சாலையின் இந்தப் பக்கக் குப்பையைப் பேரூராட்சித் தூய்மைப் பணியாளரும் அந்தப் பக்கக் குப்பையை ஊராட்சித் தூய்மைக் காவலரும் அள்ளுகிற இடங்கள் எத்தனையோ உண்டு. துறை மாறினால் ஒரு ரூபாய் தாண்டுவதற்குக்கூட அரசாணை கேட்பார்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அண்ணாச்சி, விகிதக் கணக்கு இந்த எண்களுக்கு நிற்கிறது. எப்போதும் நிற்கும் என்று உறுதி கிடையாது. சேரன்மகாதேவியும் பத்தமடையும் சேர்ந்தால் 72 என்றேன். இருவருக்கும் நடுவில் நல்ல இடம் ஒன்று கிடைத்து அது 68 ஆகிவிட்டால், விகிதப்படி அவர்கள் கட்டும் 68.4 உடனே அதிகமாகிவிடும். புதிய எண்களோடு ஷாப்லி கணக்கைத் திரும்பப் போட்டால் அவ்விரு ஊர்களும் கட்டுவது ஏறத்தாழ 64.7 ஆகக் குறைந்து, கூட்டு நிலைக்கும். விகிதக் கணக்கின் கண்ணில் ஊர்களின் இருப்பிடம் படுவதே இல்லை.

ஷாப்லி மதிப்பும் எல்லா ஆட்டத்திலும் உட்கருவுக்குள் விழும் என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் பெரிய கூட்டணியில் பின்னால் வந்து சேர்ந்தாலும், சிறிய கூட்டணியில் முன்பே சேர்ந்திருந்தால் கொண்டுவந்திருப்பதைவிடக் குறையாத மிச்சத்தைக் கொண்டுவருகிற ஆட்டங்களில் அது கட்டாயம் உள்ளே விழும் என்று ஷாப்லியே 1971-இல் நிறுவினார். போக்குவரத்தும் பொதுக் கொட்டகையும் சேர்ந்த செலவுகளில் அந்த இயல்பைப் பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். ஆனால் வண்டிகள் வெகு தொலைவு போகத் தொடங்கும் கட்டத்தில் அது மாறிவிடும். விக்கிரமசிங்கபுரத்துக் குப்பையைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவருவதில் மிச்சம் ஏதும் இருக்காது.

நடுவில் இருக்கும் சேரன்மகாதேவி விகிதப்படி 38 கட்டுகிறது, ஷாப்லிப்படி 35 கட்டுகிறது. அந்த 3 லட்சம், அவ்வூர் நடுவில் இருப்பதால் மட்டுமே விளையும் மிச்சத்துக்கான மதிப்பு. அது நியாயமா என்பதை மன்றங்கள் பேசித் தீர்மானிக்கட்டும். ஆனால் பேசுவதற்கு அந்த 3 லட்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

செலவு பதிவேட்டில் சிதறிக் கிடக்கிறது என்ற இரண்டாம் ஐயத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. வண்டிகளின் லாக் புத்தகத்திலிருந்தும் வருகைப் பதிவேட்டிலிருந்தும் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.


வடக்குத்தெரு எழுதியது:

தச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் லட்சங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். கூடம் எந்த ஊரில் வரும் என்பதை யாரும் கேட்கவில்லை.

1994-இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய மூன்று நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் சேர்ந்து மாநகராட்சி ஆனபோது, கணக்குப்பிள்ளை சொல்லும் முழுக் கூட்டணி ஒன்று சட்டத்தாலேயே உருவாகிவிட்டது. இன்றைக்கு 55 வார்டுகள், நான்கு மண்டலங்கள், ஒரே வரவுசெலவு. ஆகவே பங்கு பிரிக்கும் கேள்வி காகிதத்தில் மறைந்துவிட்டது. தரையில் அது மறையவில்லை. நான்கு மண்டலத்துக் குப்பைக்கும் கிடங்கு இராமையன்பட்டியில் இருக்கிறது. மக்காத குப்பை குவியும் எந்தக் கிடங்கிலும் கோடையில் தீப்பற்றினால் பல நாள் புகையும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீடுகள் சன்னலை அடைத்துக்கொள்ளும். அந்தச் சன்னல் அடைப்புக்கு உங்கள் அட்டவணையில் பத்தி எங்கே?

சேரன்மகாதேவிக்கு 3 லட்சம் குறைகிறது என்கிறீர்கள். அது நடுவில் இருப்பதற்கு. வாசனையைச் சுமப்பதற்கு எவ்வளவு? கூடம் அமையும் இடம் ஊரின் ஒரு மூலையாகத்தான் இருக்கும். அந்த மூலையில் வசிப்பவர்களும் 3 லட்சம் மிச்சம் பெறும் மன்றமும் ஒரே ஆள்கள் இல்லை.


ஆய்வு மாணவி எழுதியது:

வடக்குத்தெரு அண்ணன் எழுப்பியிருக்கும் கேள்வியைத்தான் இத்துறையின் முன்னோடிகள் குப்பையை வைத்தே பேசியிருக்கிறார்கள். 1969-இல் ஷாப்லியும் மார்ட்டின் ஷூபிக்கும் எழுதிய கட்டுரை ஒன்றில் குப்பை ஆட்டம் என்றே ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஆளுக்கு ஒரு பை குப்பை. அதை யாராவது ஒருவர் வாசலில் போட்டே ஆக வேண்டும். மூன்று பேர் இருந்தால் மொத்தச் சுமை எப்படியும் மூன்று பை. ஆனால் இருவர் கூட்டுச் சேர்ந்தால் தங்கள் இரண்டு பையையும் மூன்றாமவர் வாசலில் போட்டுவிடலாம். அவரால் திருப்பிப் போட முடிவது ஒரு பைதான். எனவே எந்த இருவரும் ஒரே ஒரு பைச் சுமையோடு தப்பிக்கலாம். இப்போது மூன்று பேருக்கும் எப்படிப் பிரித்தாலும், சுமையில் இரண்டு பையாவது தலையில் விழுந்த ஏதோ ஓர் இணை இருக்கும். அந்த இணை கூட்டை உடைத்துக்கொண்டு போகும். உட்கரு வெறுமை. மூவருக்கு மேல் எத்தனை பேர் இருந்தாலும் இதே கதிதான்.

இது வெறும் கணிதப் புதிர் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் நம் மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர், கொண்டாநகரம் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகளைக் கொண்டுவந்து கொட்டியிருந்ததை எல்லோரும் பார்த்தோம். அதைக் கொட்ட அனுப்பியவருக்குச் செலவு லாரி வாடகைதான். மீதிச் சுமை முழுவதும் கொட்டப்பட்ட ஊரின் தலையில். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டபின், கேரள அதிகாரிகளே அம்மாதம் 22-ஆம் தேதி லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். அந்த உத்தரவு ஆட்டத்தையே மாற்றிவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெளியாள் வாசலில் கொட்டலாம் என்ற வழி அடைபட்டால் இருவர் கூட்டணியின் சுமை ஒரு பையிலிருந்து இரண்டு பைக்கு ஏறுகிறது. அவரவர் பை அவரவருக்கு என்ற பங்கீடு உட்கருவுக்குள் வந்துவிடுகிறது.

ஆகவே கணக்குப்பிள்ளை ஐயாவின் அட்டவணையில் உள்ள 60, 50, 40 என்ற தனிச்செலவுகள் என்ன விதியின் கீழ் கணக்கிட்டவை என்று முதலில் கேட்க வேண்டும். ஓடையோரம் கொட்டித் தீ வைப்பது வழக்கமாக இருந்தால் பத்தமடையின் தனிச்செலவு 40 ஆகாது, 15-க்கே முடிந்துவிடும். அப்போது அவ்வூருக்கு எந்தக் கூட்டும் லாபமாகத் தெரியாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னபடி வீட்டிலேயே தரம்பிரித்து வாங்கி, மக்குவதை உரமாக்கி, எஞ்சியதை மட்டும் முறையாகப் புதைப்பதற்கு ஆகும் செலவைத்தான் தனிச்செலவாக வைக்க வேண்டும். விதியை மீறும் ஊருக்குக் கிடைக்கும் மலிவை ஆட்டத்தின் தொடக்கப் புள்ளியாக வைத்துவிட்டால், மீறுபவருக்கே பேரம் பேசும் பலம் கூடும்.


பழைய கோப்பு எழுதியது:

மாணவி சொன்னதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. தணிக்கை வரும் ஆண்டில் செலவு ஏறும், வராத ஆண்டில் இறங்கும். எந்த ஆண்டை எடுப்பது என்பதிலேயே பாதிப் பங்கீடு முடிந்துவிடும்.


ஆக்கர் கடை எழுதியது:

பேட்டைப் பக்கம் ஆக்கர் கடை, அதாவது பழைய பொருள்களை எடைக்கு வாங்கி விற்கும் கடை, வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படித்தபோது ஒன்று தோன்றியது. ஊர்களை மட்டுமே ஆட்டக்காரர்களாக வைத்திருக்கிறீர்கள். குப்பையில் உண்மையில் கை வைப்பவர்கள் மூன்று தரப்பினர்: வீட்டுக்காரர், தூய்மைப் பணியாளர், எங்களைப் போன்ற கடைக்காரர்.

ஒரு பேட்டரி வண்டி உரக்கூடத்தில் வந்து கவிழ்ப்பதை அருகில் நின்று பாருங்கள். முடிச்சுப் போட்ட கேரி பையில் முந்தின நாள் சாம்பார், அதற்குள்ளேயே பால் பாக்கெட், குழந்தையின் டயப்பர், இளநீர்க் கூடு, கல்யாண வீட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் பூச்சு இலை. முடிச்சை அவிழ்க்க நேரமில்லாமல் பணியாளர் அம்மா பையைக் கையாலேயே கிழிக்கிறார். சாம்பார் அட்டைப்பெட்டி மேல் ஊற்றிவிடுகிறது. நனைந்த அட்டையை நான் பாதி விலைக்கும் எடுக்க மாட்டேன், மில்லில் என்னிடமும் எடுக்க மாட்டார்கள். ஒரு தெருவில் பத்து வீட்டில் எட்டு வீடு ஒழுங்காகத் தரம்பிரித்துக் கொடுத்தாலும், மீதி இரண்டு வீட்டுப் பைகள் அதே வண்டியில் விழுந்தால் எட்டு வீட்டாரின் உழைப்பும் வீண். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருந்தும், அந்தப் பை இன்னும் குப்பையோடு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பல உள்ளாட்சிகளில் மக்காத குப்பையை விற்ற பணம் தூய்மைப் பணியாளர்களுக்கே போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு கூடத்திலிருந்தும் தனித்தனியாகக் கொண்டுவருகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருவதை எடைபோட்டு வாங்கும் கடைக்காரன் நல்ல விலை கொடுப்பான் என்று எதிர்பார்க்க முடியுமா? நானே அந்தக் கடைக்காரன் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். இதற்கு உங்கள் கோட்பாட்டில் இடம் இருக்கிறதா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

இருக்கிறது அண்ணாச்சி, இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்றும் தோன்றுகிறது.

ஒரு கடைக்காரர், இரண்டு பணியாளர் குழுக்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்குத் தேவை ஒரு லோடு மட்டும். எந்தக் குழுவிடம் வாங்கினாலும் அந்த லோடில் 12 ஆயிரம் ரூபாய் ஆதாயம் விளையும். கடைக்காரர் இல்லாமல் குழுக்களுக்கு ஒன்றும் கிடைக்காது. குழு இல்லாமல் கடைக்காரருக்கும் கிடைக்காது. இந்த ஆட்டத்துக்கு உட்கரு வெறுமையன்று. ஆனால் அதில் ஒரே ஒரு பங்கீடுதான் உண்டு: கடைக்காரருக்கு 12, குழுக்களுக்குப் பூச்சியம். ஒரு குழு ஆயிரம் ரூபாய் கேட்டால் மற்றக் குழு ஐந்நூறுக்குத் தருவேன் என்று வரும். அப்படியே இறங்கி இறங்கிப் பூச்சியத்தில் போய் நிற்கும். யாராலும் உடைக்க முடியாத ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஷாப்லி முறையில் கடைக்காரருக்கு 8, குழுக்களுக்குத் தலா 2. இரண்டு குழுக்களும் ஒன்றாகி ஒரே பெயரில் விற்றால் ஆட்டக்காரர்கள் இருவராகிறார்கள். கடைக்காரருக்கு 6, குழுவுக்கு 6. அதாவது சரக்கில் ஒரு கிலோ கூடாமலேயே, சேர்ந்து விற்பதால் பணியாளர்களின் பங்கு 4-இலிருந்து 6 ஆகிறது. பேரூராட்சிகள் இணைகிறதோ இல்லையோ, பணியாளர் குழுக்களின் விற்பனையை முதலில் இணைக்க வேண்டும் என்பது இக்கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முடிவு. அதற்கு அரசாணை வேண்டியதில்லை, ஒரு பொதுக் கொட்டகையும் ஒரு எடை மேடையும் போதும்.

விலை போகாத பிளாஸ்டிக்குக்கும் இதே தர்க்கம் பொருந்தும். 2016 விதிகளின்படி, மறுசுழற்சிக்கு உதவாமல் கிலோவுக்கு 1500 கிலோ கலோரியும் அதற்கு மேலும் எரிதிறன் கொண்ட கழிவைப் புதைக்கக் கூடாது என்று இருந்தது. கழிவு எரிபொருள் தயாரிக்கும் கூடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் எரிபொருள் பயன்படுத்தும் ஆலைகள் தங்கள் தேவையில் 5 விழுக்காடாவது அதனால் ஈடுசெய்ய வேண்டும் என்றும் இருந்தது. நமக்குத் தாழையூத்திலேயே சிமெண்ட் ஆலை இருக்கிறது. ஈரம் வடித்து, கல் மண் நீக்கிக் கொடுக்கும் ஒரே பெரிய கூட்டணியோடு ஆலை பேசும் விதமும், தினம் ஒரு டிராக்டர் அனுப்பும் பேரூராட்சியோடு பேசும் விதமும் ஒன்றாக இருக்காது.

தெருவில் இரண்டு வீடு கெடுத்தால் பத்து வீட்டுக்கும் பயனில்லை என்று சொன்னீர்கள். அது ஒருமனதாட்டம் எனப்படும்; எல்லோரும் சேர்ந்தால்தான் மதிப்பு, ஒருவர் விலகினாலும் பூச்சியம். அதில் ஷாப்லி முறை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கிறது. ஆகவே பரிசோ சலுகையோ தந்தால் வீட்டுக்கு வீடு தருவதைவிடத் தெருவுக்குத் தருவது பொருத்தம். கெட்ட பைகள் தனி டிரம்மில் போகும்படி வண்டியிலேயே தடுப்பு வைத்துவிட்டால் ஆட்டம் அவ்வளவு கடுமையாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.


வாய்க்கால்கரை எழுதியது:

மேலப்பாளையத்திலிருந்து ஒரு விண்ணப்பம். பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. கார் பருவத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட முதல் இரண்டு மூன்று நாள்களில் கரையில் நின்றால், காய்ந்து கிடந்த கால்வாயில் மாதக்கணக்கில் விழுந்த அத்தனையும் மிதந்து வரும்: தெர்மகோல், மதுப்புட்டி, தலையணை, செத்த கோழி. எங்கள் பாலத்தடியில் அடைத்து நின்றால், இது மேலூர்க் குப்பை என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறோம். பாளையங்கோட்டையில் போய் அடைத்தால், இது மேலப்பாளையத்துக் குப்பை என்று அவர்கள் சொல்கிறார்கள். கடைமடை விவசாயிக்கு இருவரும் ஒன்றுதான். வாரும் செலவை யார் ஏற்பது?


ஆய்வு மாணவி எழுதியது:

ஓடும் நீரில் கலந்த மாசை அகற்றும் செலவைப் பிரிப்பது பற்றி நி, வாங் என்ற இருவர் 2007-இல் எழுதிய கட்டுரை இதற்கு நேரடியாகப் பொருந்துகிறது. அவர்கள் இரண்டு முறைகளை ஆராய்கிறார்கள். முதலாவது, அவரவர் எல்லைக்குள் ஆகும் செலவு அவரவருக்கு. இரண்டாவது, ஓர் எல்லைக்குள் ஆகும் செலவை அந்த ஊரும் அதற்கு மேலே உள்ள எல்லா ஊர்களும் சமமாகப் பகிர்வது.

கால்வாயை மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதியாக்கி, வாரும் செலவு 6, 12, 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இவையும் கற்பனை எண்களே. முதல் முறைப்படி மேலூர் 6, நடுவூர் 12, கீழூர் 18 கட்ட வேண்டும். இரண்டாம் முறைப்படி மேலூர் தன் 6, நடுவூரின் 12-இல் பாதியான 6, கீழூரின் 18-இல் மூன்றில் ஒன்றான 6 என்று 18 கட்ட வேண்டும், நடுவூர் 12, கீழூர் 6. கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே அவற்றுக்குரிய ஆட்டத்தின் ஷாப்லி மதிப்புகள்தாம். முதல் ஆட்டத்தில் குப்பை விழுந்த இடத்துக்காரர் பொறுப்பு. இரண்டாவதில் நீர் வந்த வழியில் இருப்பவர் எல்லோரும் பொறுப்பு. எது நம் கால்வாய்க்குப் பொருந்தும் என்பதைச் சட்டமோ வழக்கமோதான் சொல்ல வேண்டும், கணிதம் சொல்லாது.


பழைய கோப்பு எழுதியது:

வழக்கம் என்றதும் குடிமராமத்து நினைவுக்கு வருகிறது. மடைக்கு இத்தனை ஆள் என்று வைத்துக்கொண்டு, தலைமடைக்காரரும் சேர்ந்துதான் கடைமடை வரைக்கும் தூர் வாரினார்கள். நீரை முதலில் அனுபவிப்பவர் நெடுகிலும் பொறுப்பேற்க வேண்டும் என்பது இந்த ஆற்றுப் பாசனத்தில் புதிய நியாயம் அன்று. ஆனால் இரண்டாம் முறையை அப்படியே எடுத்தால் மேலே இருக்கும் சிற்றூர் மாநகரத்துக் குப்பைக்குப் பணம் கட்டும்படி ஆகிவிடும். பாளையங்கோட்டையில் அடைப்பதில் பெரும்பகுதி மாநகரத்துக்குள்ளேயே விழுந்தது என்று யாருக்கும் தெரியும்.


வாய்க்கால்கரை எழுதியது:

யாருக்கும் தெரியும் என்பது போதாது ஐயா. ஒவ்வோர் ஊர் எல்லையிலும் பாலத்தடியில் ஒரு கம்பி வலை கட்டி, தண்ணீர் திறந்த முதல் வாரத்தில் தினமும் அதில் தங்குவதை எடைபோட்டால் எந்த எல்லையில் எவ்வளவு கூடுகிறது என்று தெரிந்துவிடும். வலையில் அடைப்பு ஏற்பட்டுத் தண்ணீர் கரை மேல் ஏறாதபடி ஆள் நிற்க வேண்டும், அதுதான் செலவு. நீர்வளத் துறையினர் ஒத்துக்கொண்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் நிற்பார்கள்.


ஆய்வு மாணவி எழுதியது:

எடை கிடைத்தால் இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடியே இல்லை. சமமாகப் பகிர்வதற்குப் பதில், அந்தந்த எல்லைக்குள் சேர்ந்த எடையின் விகிதத்தில் மேலூர்களுக்குப் பங்கு போடலாம்.


வடக்குத்தெரு எழுதியது:

கால்வாய்க்கு வலை கட்டிவிட்டீர்கள். என் கேள்வி இன்னும் நிற்கிறது. கூடம் அமையும் மூலையில் வசிப்பவருக்கு என்ன?


கணக்குப்பிள்ளை எழுதியது:

இதைத் தள்ளிப்போட்டது வேண்டுமென்றே அன்று. மற்றவை தெளிந்தால்தான் இதற்கு விடை எழுத முடியும் என்பதால் காத்திருந்தேன்.

கூடம் அமையும் இடத்தாரை நான்காவது ஆட்டக்காரராக வைக்க வேண்டும். அவர்கள் சம்மதிக்காவிட்டால் மூன்று ஊர் சேர்ந்தாலும் கூடம் எழாது. ஆகவே அவர்கள் இல்லாத எந்தக் கூட்டணிக்கும் மிச்சம் பூச்சியம். என் முதல் அட்டவணையிலேயே இதைச் சேர்த்தால், இரண்டு ஊர்க் கூட்டணிகளின் மிச்சமான 24, 18, 12 ஆகியவையும் மூன்று ஊரின் 36-உம் இடத்தார் உடன் இருந்தால்தான் செல்லும். இந்த ஆட்டத்தின் ஷாப்லி மதிப்பைப் போட்டுப் பார்த்தேன். இடத்தாருக்கு 13.5 லட்சம் வருகிறது, வீரவநல்லூருக்கு 7.5, சேரன்மகாதேவிக்கு 9.5, பத்தமடைக்கு 5.5. மொத்த மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது இடத்தாருடையது. அவர்களை ஆட்டத்தில் சேர்க்காமல் போட்ட என் முதல் கணக்கில் அந்தத் தொகை முழுவதையும் மூன்று பேரூராட்சிகளும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன.

இந்த 13.5 லட்சமும் அவர்கள் சுமக்கும் வாசனைக்கு விலை என்று நான் சொல்லவில்லை. அது சம்மதத்துக்குரிய பங்கு. வாசனை, ஈ, லாரிப் போக்குவரத்து ஆகியவற்றால் வரும் கேட்டைத் தனியே கணக்கிட்டு, மிச்சத்திலிருந்து முதலிலேயே கழித்துவிட்டுத்தான் பங்கீட்டுக்கு வர வேண்டும். கழித்தபின் மிச்சமே இல்லை என்றால் அந்த இடம் சரியில்லை, அல்லது கூடமே அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை என்று பொருள். நயினார்குளம் மொத்தச் சந்தையின் முட்டைகோஸ் இலையையும் வாழைத்தண்டையும் சந்தைக்குப் பக்கத்திலேயே மக்கவைத்துவிட்டால், தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்குப் போகும் சுமை அப்படியே குறைகிறது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் விடுதிகளும் மண்டபங்களும் தங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. மையக் கூடத்துக்குப் போகாத ஒவ்வொரு டன்னும் இடத்தாரின் கேட்டைக் குறைக்கிறது.


வடக்குத்தெரு எழுதியது:

இடத்தார் என்றால் யார்? ஊராட்சி மன்றமா, அந்த மூலையில் வசிக்கும் நாற்பது குடும்பமா? 13.5 லட்சத்தை மன்றத்தின் கணக்கில் போட்டுவிட்டு, ஊரின் மறுகோடியில் தெருவிளக்குப் போட்டுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?


பழைய கோப்பு எழுதியது:

வடக்குத்தெருவின் அச்சம் நியாயமானது. நானே அப்படிப்பட்ட தெருவிளக்குகளுக்குக் கையெழுத்திட்ட காலம் உண்டு. இதற்குச் செய்யக்கூடியது, ஒப்பந்தத்திலேயே தூரத்தை எழுதிவிடுவது. கூடத்தின் வேலியிலிருந்து இன்ன தூரத்துக்குள் உள்ள வீடுகளுக்குச் சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் இத்தனை ஆண்டுக்கு இல்லை, அதை மற்ற ஊர்களின் பங்கிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று எழுதினால், பணம் மன்றத்தின் கை வழியாகப் போகாது. கிராம சபையில் தீர்மானம் நிறைவேறாமல் வேலை தொடங்கக் கூடாது என்பதையும், பங்கீட்டை மூன்றாண்டுக்கு ஒருமுறை புது எடைகளோடு திரும்பக் கணக்கிட வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். பங்கு கட்டாத உள்ளாட்சியை என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். குடிநீர் பாக்கிக்குக் குழாயை அடைக்கலாம், குப்பை பாக்கிக்கு வண்டியைத் திருப்பி அனுப்பினால் அது அந்த ஊரின் ஓடையில்தான் கொட்டும்.

லாக் புத்தகத்திலிருந்து தனிச்செலவு எடுப்பதற்கு ஒரு படிவம் தயாரித்துத் தருகிறேன். வண்டி, ஓட்டுநர், டீசல், பழுது, கொட்டகைத் தேய்மானம், நிலத்தின் வழிகாட்டி மதிப்பு என்று ஆறு பத்திகள் போதும். மூன்று பேரூராட்சிகளில் ஒன்றிலாவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிட்டால், மற்ற இரண்டும் தாமாகவே கொடுக்கும் என்று நினைக்கிறேன்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

படிவத்தில் ஏழாவதாக ஒரு பத்தி சேருங்கள் அண்ணாச்சி: கூடத்திலிருந்து திரும்பி வந்த லோடுகள். கலந்து போனதால் ஆக்கர் கடையிலோ ஆலையிலோ ஏற்க மறுத்தவை எத்தனை என்று தெரிந்தால்தான் இரண்டு ஊர் சேரும்போது உண்மையில் எவ்வளவு மிச்சமாகிறது என்று போட முடியும். வீரவநல்லூருக்கு நான் மனு எழுதுகிறேன்.